கம்பெனி பிரிட்ஜுக்குப் பூட்டு

கம்பெனி கொடுத்த பிரிட்ஜைப் பூட்டி வைத்துக்கொண்டு, அதே கம்பெனியின் கலர் பாட்டில்களை வெயிலில் காயப்போட்டு விற்கிறார் தனுஷ்கோடி என்று புகார் வந்திருந்தது. கொடுத்தவர் எதிர்க்கடை வீரபாண்டி. அந்தப் பிரிட்ஜைத் தன் கடைக்கு மாற்றித் தரும்படியும் கேட்டிருந்தார்.

விசாரிக்க வந்த கம்பெனி விற்பனை ஆள் ஹரிக்கு அது அன்றைக்கு ஆறாவது கடை. திருச்சுழியில் தொடங்கி நரிக்குடி ரோட்டில் விலக்குக்கு விலக்கு பைக்கை நிறுத்தி முதுகு விட்டுப்போயிருந்தது. பிரிட்ஜைத் தூக்க லோடு வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டுக் குளிர்பானக் கம்பெனி. போன சித்திரையில் மதுரையில் கூட்டம் போட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய அதிகாரி, "இந்தப் பக்கத்து வெயில்தான் நமக்கு மூலதனம்" என்று படம் போட்டுக் காட்டினார். ஊருக்கு ஒரு கடைக்கு இலவசமாகக் கண்ணாடிக் கதவு பிரிட்ஜ் கொடுத்தார்கள். உள்ளே கம்பெனி பாட்டிலைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

வெயில் சொன்னபடி அடித்தது. கலர்தான் போகவில்லை. தாகமெடுத்தவன் பத்து ரூபாய் சர்பத்தைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். இந்த மாதமும் விற்பனை ஏறாவிட்டால் திருச்சுழி லைனையே மூடிவிடுவார்கள். லைன் போனால் ஹரியின் வேலையும் போகும்.

எதிரே தங்கலட்சுமி ஸ்டோர் நிழலில் பைக்கை நிறுத்தினான். பெண்டாட்டி பேரில் கடை வைத்திருந்த வீரபாண்டி கண்ணாலேயே எதிர்க்கடையைக் காட்டினார்.

தனுஷ்கோடி கடையில் பாட்டில்கள் வாசலில் வெந்துகொண்டிருந்தன. பிரிட்ஜின் கண்ணாடி தெரியாமல் கம்பெனி விளம்பரத் தாளையே ஒட்டி மறைத்திருந்தார். கைகாரர்தான் என்று ஹரி நினைத்துக்கொண்டான்.

பூட்டு எதற்கு என்று கேட்டான். கரண்ட் போய்ப் போய் வருகிறது, ஆளாளுக்குத் திறந்தால் கூலிங் நிற்காது என்றார்.

"கலரு பூராம் வெளிய கெடக்கு. உள்ள எதுக்கு அண்ணாச்சி கூலிங்கு?"

அவர் சாவியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே ஒரு பாட்டில்கூட இல்லை. தட்டுத் தட்டாக எவர்சில்வர் டப்பாக்கள். கல்யாணச் சீரில் வருமே, பேர் வெட்டின சின்ன டப்பா, அதுதான். ஒச்சம்மாள், சங்கையா, ஈஸ்வரி என்று ஊரே உள்ளே உட்கார்ந்திருந்தது. ஹரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே பிழைப்புப் போகப்போகிறது, இந்த ஆள் ஊருக்கு வாடகைக்கு விட்டு மாவும் மீனும் வைத்திருக்கிறார். வெடுக்கென்று ஒரு டப்பாவைத் திறந்தான்.

பஞ்சுக்கு நடுவே ஒரு சின்ன மருந்துக் குப்பி. இன்சுலின். அவன் அப்பா போட்டுக்கொள்வதும் அதுதான்.

"பதினாலு பேரு தம்பி. ஆஸ்பத்திரில மருந்து சும்மா குடுக்குறாக. வைக்கத்தான் எடமில்ல. பானைத் தண்ணிக்குள்ள வச்சுப் பாத்தாக, போன கோடையில பானையும் சேந்து சுட்டுச்சு. மருந்து கெட்டுப்போயி, புண்ணு ஆறாம, சங்கையாவுக்குக் காலையே எடுத்துட்டாக."

அவர் கெஞ்சவில்லை. தூக்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் கொடுத்தால் நரிக்குடி போய் ஐஸ் வாங்கிவந்துவிடுவதாக மட்டும் சொன்னார். கெஞ்சியிருந்தால் ஹரிக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

லோடு வண்டிக்குப் போன் போட்டுத் திரும்பிப் போகச் சொன்னான். முன்வரிசையில் மட்டும் பாட்டிலை நிறுத்தச் சொல்லிப் போட்டோ எடுத்தான். 'கம்பெனி சரக்கு தவிர வேறு உண்டா?' என்று செல்போன் கேட்டது. 'இல்லை' என்று தட்டினான். எப்படியும் போகிற வேலை, இதனால் கொஞ்சம் சீக்கிரம் போகும், அவ்வளவுதான்.

கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. புகார் யார் கொடுத்தது என்பதைச் சொல்லிவிட்டான்.

"தெரியும் தம்பி. வீரபாண்டிதான். எனக்கும் அவருக்கும் பேச்சு நின்னு அஞ்சு வருசமாச்சு."

"இந்த டப்பாவ அவருட்டயும் காட்டிர வேண்டியதுதான அண்ணாச்சி? மனுசன் வாயத் தெறப்பாரா?"

தனுஷ்கோடி மேல்தட்டு ஓரத்திலிருந்த டப்பாவை எடுத்து, வெட்டியிருந்த பேர் தெரியும்படி திருப்பினார்.

தங்கலட்சுமி.

ஹரி எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தான். அதன் கீழே வீரபாண்டி, லோடு வண்டி வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவுக பொறவாசல் வழியா வந்து குடுத்துட்டுப் போறது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா ரோசத்துல மருந்த மறுபடி பானைக்குள்ளயே வைக்கச் சொல்லிருவாரு. அதுக்கு என்னையக் களவாணின்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும் தம்பி."