ஒரு பிடி நீர்ப்பிரமி

குழாயடிச் சகதியில் மனோன்மணி நீர்ப்பிரமி வளர்த்தாள். அது நிமிரத் தெரியாத செடி. கணுவோடு ஒரு துண்டைக் கிள்ளி ஈரத்தில் எறிந்தால் போதும், தரையைப் பிடித்துக்கொண்டு படரும். மிதித்தாலும் சாகாது, காய்ந்தால்தான் சாகும். அவள் காய விட்டதே இல்லை. ஞாபகசக்திக்கு இதை மிஞ்சிய மூலிகை கிடையாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தினமும் விடியலில் ஒரு பிடி பறித்து, அரைத்துப் பிழிந்து, பாலில் கலந்து கணவர் வைரவனுக்குக் கொடுத்தாள்.

மறதி நோய் வந்த பிறகு வைரவன் சாதுவாகிவிட்டார். அவளை யாரோ என்று நினைத்துக் கும்பிடுவார். கசப்பில் முகம் சுளித்தாலும் மிச்சம் வைக்க மாட்டார். ஒருநாள் அவள் முன்கையில் இருந்த தீத்தழும்பைத் தடவிப் பார்த்து, “எந்தப் பாவிம்மா உங்களை இப்படிப் பண்ணினான்?” என்று கண்கலங்கினார்.

“குடிங்க,” என்றாள் அவள். “ஞாபகம் வரும்.”

பக்கத்துவீட்டு சுகிர்தாவுக்குப் பொறுக்கவில்லை. “பேசாம இப்படியே விட்டுடுங்கக்கா. இப்பத்தான் மனுஷனா இருக்காரு.”

மனோன்மணி இன்னொரு பிடி சேர்த்துப் பறித்தாள்.

இன்று காலை டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. பால் பச்சை நிறத்தில் வழிந்தது.

“சனியனே, இதை மனுஷன் குடிப்பானாடி?”

பழைய குரல். பழைய கண்கள். மனோன்மணி முகத்தில் தெறித்ததை முந்தானையால் துடைத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு நிதானமாக அவர் பக்கம் திரும்பினாள்.

“வந்துட்டியா?” என்றாள்.