இத்தாலிய வினைச்சொல்

"இதை மொழிபெயர்த்தது யாரு?" செய்தி அறையே திரும்பிப் பார்க்கும்படி தாளை மேஜையில் அறைந்தாள் தலைமை மொழிபெயர்ப்பாளர்.

"நான்தான் மேடம்," என்றான் புதிதாகச் சேர்ந்தவன்.

"'கப்பல் மூழ்கி, பதினோரு மாலுமிகளும் இறந்தனர்'னு எழுதியிருக்கீங்க. இத்தாலி மூலத்துல நிபந்தனை வினை இருக்கே, கண்ணு தெரியலையா?"

"'மழை பெய்தால்' மாதிரி அதுல நிபந்தனை எதுவும் இல்லையே மேடம்?"

"செய்தி உறுதியாகாதப்பவும் இத்தாலிக்காரங்க அந்த வினையைத்தான் போடுவாங்க. 'இறந்ததாகச் சொல்லப்படுகிறது'ன்னுதான் வரணும்."

"ஒரு சொல்லுக்கா இவ்வளவு கோபம்? படிக்கிறவங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்." அவள் குரல் இறங்கவில்லை. "அந்தப் பதினோரு பேர்ல என் வீட்டுக்காரரும் ஒருத்தர். உறுதியாகறதுக்கு முன்னாடியே அவரைச் சாகடிக்க நீங்க யாரு?"

அவன் பதறி எழுந்தான். "மன்னிச்சிடுங்க மேடம்."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். அச்சுக்குப் போறதுக்குள்ள அந்த வாக்கியத்தை மாத்துங்க."