எவ்வளவு தூரம் பிடிக்கும்?

கல்முனையில் அது மூன்றாவது கடை. கச்சிமுகம்மது இங்கேயும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

“தம்பி, இது எவ்வளவு தூரம் புடிக்கும்?”

மகள் ஹப்ஸாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வாப்பாவுக்கு அறுபத்தொரு வயது. போனில் வரும் அழைப்பை எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியாது. அப்படிப்பட்ட மனிசன் போன வெள்ளிக்கிழமை திடீரென்று, “எனக்கொரு கெமரா வாங்கணும். பெரிய ரகம்” என்றார்.

நாலு மாதமாக வீட்டில் சோறுகூடக் கேட்டு வாங்கித் தின்னாதவர். அவர் வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டார் என்ற சந்தோசத்தில், உம்மா அவளைத் துணைக்கு அனுப்பிவிட்டார்.

கடைக்காரர் றாஸிக் பொறுமைசாலி. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான் தோது என்று ஒரு கறுப்புக் கெமராவை எடுத்து வைத்தார். விலையும் குறைவு, வீடியோவும் எடுக்கலாம், கை பழகிய பிறகு பெரியதுக்கு மாறலாம் என்றார்.

வாப்பா எதையும் காதில் வாங்கவில்லை. கெமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு இறங்கிவிட்டார். றாஸிக் பதறிக்கொண்டு பின்னால் ஓடினார்.

அக்கரைப்பற்று பஸ் ஒன்று தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. வாப்பா நடுரோட்டில் நின்று அதைக் குறிவைத்தார். முச்சக்கரவண்டிக்காரன் ஒருவன் ஹோர்ன் அடித்து ஏசிவிட்டுப் போனான்.

தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஹப்ஸா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தாள்.

கடைக்குள் திரும்பி வந்து, விழுந்த படத்தை வாப்பா கண்ணோடு ஒட்டிப் பார்த்தார்.

“பஸ் தெரியுது. நம்பர் தெரியல்லியே.”

“இதோட வாற லென்ஸ் கிட்டத்துக்குத்தான் காக்கா. கலியாணம், புள்ளைகள், வீட்டுப் படமெல்லாம் வடிவா விழும்” என்றார் றாஸிக், மூத்தவருக்குரிய மரியாதையோடு.

“வீட்டுப் படம் எனக்கென்னத்துக்கு?”

அதற்கு மேல் ஹப்ஸாவால் பொறுக்க முடியவில்லை.

“என்னத்தைப் புடிக்கப் போறீங்க எண்டாவது சொல்லித் தொலைங்க வாப்பா. கொக்கையா, குருவியையா?”

வாப்பா கெமராவை மெதுவாக மேசையில் வைத்தார்.

“அப்ராஸ்ட தோணிய இடிச்சிட்டுப் போன போட் இன்னும் அந்தப் பக்கம்தான் வருது மகள். கிழமைக்கு ரெண்டு தரம், விடியப்புறம். முகப்பில பச்சை. அண்டைக்கு நான் பின்னால வந்த தோணியில இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தன். பொலிசில போய்ச் சொன்னா, நம்பர் எங்க எண்டு கேக்கிறாங்க. கண்ணால கண்டது மட்டும் போதாதாம்.”



தம்பி அப்ராஸின் மையித்தை அடக்கத்துக்கு எடுத்த அன்றுகூட வாப்பா இவ்வளவு கதைக்கவில்லை.

றாஸிக் அலுமாரியைத் திறந்து, யாரோ பாவித்த நீட்டு லென்ஸ் ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினார்.

வாப்பாவுக்கு முன்னால் ஹப்ஸாவின் கை நீண்டது. வாங்கிப் பார்த்தாள். நல்ல கனம்.

“விடியப்புறம், வெளிச்சம் சரியா வாறதுக்கு முன்ன எடுத்தா,” என்று கேட்டாள், “இதுல எழுத்து விழுமா?”