முழங்கால் உயரச் செடிகள்

பதினெட்டாவது செடியையும் வேரோடு பிடுங்கி, கறுப்புக் குப்பைப் பைக்குள் திணித்தார் சபாரத்தினம். விரலெல்லாம் பச்சைப் பிசின். தைப்பொங்கலும் அதுவுமாக, காலை எட்டு மணிக்கு, கூரைக்குள் முட்டுக்காலில் நின்று இந்த வேலை பார்க்க வேண்டுமென்று தலையில் எழுதியிருந்தது.

"இஞ்சாருங்கோ! பானை எடுக்கப் போனனீங்களோ, வனையப் போனனீங்களோ?" கீழேயிருந்து மனைவி கமலாம்பிகை கத்தினார்.

"வாறன், வாறன்."

பொங்கல் பானையைத் தேடித்தான் கூரைக்கடியில் சாமான் போடும் லொப்டில் ஏறினார். கூரையைத் துளைத்துப் போகும் செங்கல் புகைபோக்கியான சிம்னிக்குப் பின்னால் ஊதா நிறத்தில் வெளிச்சம் கசிந்தது. லைட்டை நிற்பாட்டாமல் விட்டால் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று திட்டிக்கொண்டே, சிம்னியைச் சுற்றி ஊர்ந்து போனார். தோர்ண்டன் ஹீத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய இந்த வரிசை வீட்டை வாங்கிப் பதினாறு வருடம். லொப்ட் இவ்வளவு நீளம் என்று இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. தொங்கிய வெள்ளித்தாள் திரையை விலக்கினார்.

செடிகள். ஒன்றும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை, ஆனால் மணம் மூக்கைப் பிடுங்கியது. இருபத்திரண்டு வருடமாக மாடி பஸ் ஓட்டுகிறவர். மேல்தட்டிலிருந்து படியிறங்கி வரும் அந்த மணத்தை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கஞ்சா! கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொன்னவன் இதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வீட்டில் ஏணியில் ஏறுகிறவன் ஒருவன்தான், மகன் சுஜீத். போன கிழமைகூடச் சொன்னானே, "அப்பா, நீங்கள் லொப்டிலை ஏறாதேங்கோ, முழங்கால் நோகும். என்ன வேணுமெண்டாலும் நான் எடுத்துத் தாறன்" என்று. பிள்ளைக்கு என்ன கரிசனை என்று டிப்போ முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதை நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சுஜீத் பார்மசி கடைசி வருடம். ஜூனோடு படிப்பு முடிகிறது. ஒரு பொலிஸ் கேஸ் விழுந்தால் போதும், பிறகு எந்த மருந்துக் கடையும் அவனை வாசலில்கூட நிற்க விடாது. மருந்து படிக்கிறான் என்று பார்த்தால், பாவி, மருந்தை வளர்க்க அல்லவா செய்கிறான்! கரும்பு வாங்கக் கடைக்குப் போனவன் வருவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும் என்று கையை நீட்டினார்.

இருபதாவது செடியில் கை வைத்தபோது வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. நாலோ ஐந்தோ, ஒன்றன்பின் ஒன்றாக.

பையை இழுத்துக்கொண்டு இறங்கி, படுக்கையறை யன்னலால் பார்த்தார். தெருவில் பொலிஸ். பக்கத்து வீட்டு ஜெராட்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆள் இருக்கிற சத்தமே கேட்காத நல்ல மனிதன். மணம் தாங்க முடியாமல் போன் பண்ணியிருப்பான், அவனில் என்ன பிழை?

படிக்கட்டின் அடியில் கமலாம்பிகை நின்றார். "என்னப்பா, கையெல்லாம் பச்சை? பானை எங்கை?"

"பானை கிடக்கட்டும். பொலிஸ் வருது. நீர் ஒண்டும் கதைக்கப்படாது. பிள்ளை ஒண்டும் அறியான். விளங்குதே?"

கமலாம்பிகை பேச வாயெடுப்பதற்குள் மணி அடித்தது.

கதவைத் திறந்தார். கையில் ஒரு தாளோடு உயரமான பொலிஸ்காரி நின்றாள். அவள் ஒரு சொல் சொல்லுமுன் சபாரத்தினம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"எல்லாம் என்னுடையது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "லொப்டில் இருக்கிற செடி எல்லாம் நான் வளர்த்தது. பாதியைப் பிடுங்கியும் விட்டேன். என் மகனுக்கு ஒன்றும் தெரியாது."

பொலிஸ்காரி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வீட்டு இலக்கத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய பச்சை விரல்களைப் பார்த்து, கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டாள். இனி நீங்கள் சொல்வதெல்லாம் சாட்சியமாகலாம் என்று மனப்பாடமாக ஒப்புவித்துக்கொண்டே விலங்கை மாட்டினாள். விலங்கு ஐஸாகக் குளிர்ந்தது. ஆனால் சபாரத்தினத்தின் நெஞ்சு லேசாகிவிட்டது. பிள்ளை தப்பிவிட்டான்.

இரண்டு கரும்போடு சுஜீத் கேற்றைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். "அப்பா! என்ன நடந்தது?"

"வாயைப் பொத்து!" தமிழில் சீறினார். "நான் ஒத்துக்கொண்டிட்டன். சிம்னிக்கு அங்காலை நிண்ட கஞ்சாச் செடி எல்லாம் நான் வளர்த்ததுதான். நீ உன்ரை படிப்பைப் பார்."

"கஞ்சாவோ? சிம்னிக்கு அங்காலையோ?"

பக்கத்தில் 'டமார்' என்று வெடித்தது. நாலு பொலிஸ்காரர் ஜெராட்டின் கதவை இடித்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். காட்டிக் கொடுத்தவன் கதவை ஏன் உடைக்கிறார்கள் என்று சபாரத்தினத்துக்கு விளங்கவில்லை.

சுஜீத் நிமிர்ந்து மேலே பார்த்தான். தெரு முனைவரைக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை.

"ஐயோ அப்பா, சிம்னிக்கு அங்காலை எங்கட வீடில்லை!"