தும்பியின் எடை

“ஐயோ மேடம், செருப்பை எதுக்கு வெளியில விடுறீங்க? போட்டுக்கிட்டே வாங்க!”

பியூன் பதறிப்போய் வாசலுக்கு ஓடினார். அதற்குள் அந்தப் பெண் செருப்பைச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டு, ஃபைலை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்துவிட்டாள்.

ஊராட்சி மன்றத் தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். பத்து மணிக்கு ஒரு பெண் அதிகாரி வருவார் என்று தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளின் ஊட்டக்குறைவைப் போக்க இந்த மன்றம் எவ்வளவு அக்கறை காட்டுகிறது என்று பார்த்து, நூற்றுக்கு மார்க் போடப்போகிறவர். எண்பதைத் தாண்டினால் தலைவருக்கு மேடையில் கேடயம்.

“உக்காருங்க மேடம். யோவ், ஃபேனைக் கூட்டி வை!”

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தார். குழு இருக்கிறது. மாதம் தவறாமல் கூட்டம் நடக்கிறது. தீர்மான நோட்டு இருக்கிறது, அதில் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது.

“வர்ற வழியில சுவத்துல பாத்திருப்பீங்களே மேடம்? ‘குழந்தை கொழுகொழு, ஊரே பளபள.’ தலைவரோட சொந்தக் கற்பனை.”

தலைவர் வெட்கப்பட்டார். அவள் சிரிக்கவில்லை.

“பேனாவையே எடுக்க மாட்டேங்குதேய்யா இந்தம்மா,” என்று தலைவர் எழுத்தரின் காதைக் கடித்தார். “சிவப்பைச் சொல்லு, சிவப்பை!”

“மேடம், முக்கியமான விஷயம். எடை ரொம்பக் குறைஞ்ச பிள்ளைங்களைச் சிவப்புக் கட்டத்துல எழுதுவோம். போன வருஷம் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. சுத்தமா பூஜ்யம்!”

அவள் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“அந்த ஒரு பிள்ளையோட அட்டை இருக்குங்களா?”

தலைவரின் முகம் மலர்ந்தது. எழுத்தர் ஒரே எட்டில் அலமாரிக்குப் போய் எடுத்துவந்தார். மூலையில் ஒரு சிறிய படம் ஒட்டியிருந்த அட்டை. படத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, முகமெல்லாம் கண். அதற்குக் கீழே ஏழரை கிலோவில் தொடங்கிய கோடு, ஒரு மாதம்கூடச் சறுக்காமல் மாடிப்படி மாதிரி பதினொன்று வரைக்கும் ஏறியிருந்தது.

“வீட்டுல தும்பின்னு கூப்பிடுவாங்க மேடம். பேருக்கேத்தாப்புல ஒரு இடத்துல நிக்காது. தராசுல உக்கார வைக்கறதுக்குள்ள நமக்கு நாக்கு தள்ளிடும்.”

“நீங்களா எடை போடுறீங்க?”

“முன்னாடி எடை போட்டுக்கிட்டிருந்த அம்மா மாத்தலாகிப் போய் ஒரு வருஷம் ஆச்சு. இந்தப் படம்கூட அந்தம்மா எடுத்து ஒட்டினதுதான். இன்னும் வேற ஆள் போடல. அதுக்காகப் பிள்ளைங்களை அப்படியே விட்டுட முடியுமா? நானே வீடு வீடாப் போறேன்.”

“போன மாசமும் போனீங்களா?”

“இந்தக் கையாலதான் தூக்கி வெச்சேன். பதினொரு கிலோ. என்னா கனம்ங்கிறீங்க!”

அவள் அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அழுதாளா?”

“அழுகையா? கெக்கெக்கேன்னு ஒரே சிரிப்பு. எம் மீசையைப் பிடிச்சு இழுத்துட்டா மேடம்!”

தலைவர் சத்தமாகச் சிரித்தார். பியூனும் சிரித்தார். அவள் படத்தின் மேல் ஒட்டியிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தாள். துடைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

“இந்த அட்டையை நான் எடுத்துக்கலாங்களா?”

“இதையெல்லாம் கேக்கணுமா? தாராளமா எடுத்துக்கிட்டுப் போய் மேலிடத்துல காட்டுங்க. இதே மாதிரி இன்னும் பத்து அட்டை தரச் சொல்லட்டுமா?”

“இது ஒண்ணு போதுங்க.”

அவள் ஃபைலைத் திறந்தாள். உள்ளே ஏழு தாள்கள் இருந்தன. ஏழிலும் ஒரே கையெழுத்து, ஒரே நாலு வரி. அவற்றின் மேல் அட்டையை வைத்து, நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்த பியூன் மூச்சுவாங்கத் திரும்பி வந்தார்.

“ஐயா, தலைமை அலுவலகத்து ஜீப்பு! மார்க் போடுற மேடம் இறங்குறாங்க!”

தலைவர் வாசலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் வாயிலிருந்த ‘மேடம்’ காணாமல் போயிருந்தது.

“அப்ப நீ யாரும்மா? ஆபீசர் மாதிரி வந்து உக்காந்துக்கிட்டு…”

“நீங்கதாங்க உக்காரச் சொன்னீங்க. இதுக்கு முன்னாடி ஏழு தடவை மனுவோட வந்தேன். வாசலோட அனுப்பிட்டாங்க. எனக்கு இந்தப் படம் மட்டும் வேணுங்க. வீட்டுல வேற படம் கிடையாது.”

பியூன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஏழு தடவையும் அவர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. இன்றைக்கு ஃபைலைத்தான் பார்த்திருந்தார். எழுத்தரின் கை மீசை வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது.

“இந்தப் பிள்ளை உனக்கு என்ன வேணும்?” தலைவரின் குரல் இறங்கியிருந்தது.

அவள் வாசலுக்குப் போய், குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“எம் பொண்ணுங்க. பத்து மாசமா உங்க அட்டையில மட்டும்தான் உயிரோட இருக்கா.”