சாம்பல் அட்டை

ஸ்லைடு ஃபிலிமில் வெளிச்சக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் படம் பாழ். அந்தப் பெரியவர் கொடுத்த நாற்பது ரோலில் ஒரு படம்கூடப் பிசகவில்லை. தூசி தட்டி, நிறம் மாறாமல் ஸ்கேன் செய்து முடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

படங்களைப் பார்க்க வந்த பெரியவர் உட்காரக்கூட இல்லை. திரையில் மலையும் பனியும் பறவையும் வர வர, "அடுத்தது, அடுத்தது" என்று விரட்டினார். எனக்குச் சுருக்கென்றது.

"நிழல்ல இருக்கற இலைகூடத் தெரியுது, பாருங்க சார்."

"இதுல ஒரு பொம்பளை இருப்பாளே தம்பி, சாம்பல் கலர் அட்டையைப் பிடிச்சுக்கிட்டு?"

"ஒவ்வொரு ரோல்லயும் முதல் படமா? வெளிச்சம் பார்க்க எடுத்த டெஸ்ட்தானே அது? வேணுமான்னு போன்ல கேட்டேனே சார். 'அது எதுக்குப்பா, தூக்கிப் போடு'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

"போட்டுட்டியா?"

"அன்னிக்கே போட்டுட்டேன். குப்பை வண்டியும் வந்துட்டுப் போயிடுச்சு."

அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு சார் அவங்க? அசிஸ்டென்டா?"

"என் சம்சாரம். முந்தாநாள் போயிட்டா. ஃப்ரேம் போட வீட்டுல ஒரு படம் இல்லை. முப்பது வருஷத்துல நான் அவளை எடுத்ததே அந்த அட்டையோடதான்."

அவரே சொன்னார்:

"நீ போன் பண்ணினப்ப ஸ்பீக்கர்லதான் பேசினேன். அவ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா."