காதைப் பிடித்த கறுப்புச் சட்டை

“கறுப்புச் சட்டையோடவா?”

“சட்டையோடதான். ரெண்டு காதையும் பிடிச்சிக்கிட்டு உட்கார்றாரு, எழுந்திரிக்கிறாரு. என் கண்ணால பார்த்தேன்” என்று பால்காரர் மண்ணாங்கட்டி சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

டெய்லர் தருமனின் கத்தரி பாதித் துணியில் நின்றுவிட்டது. அவர் பகுத்தறிவு மன்றத் தலைவர். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டதாகச் சொல்லப்படுகிற சைக்கிள் கடை பலராமன், அதே மன்றத்தின் செயலாளர். திருவண்ணாமலையில் சாமி இல்லை என்று சொல்ல ஆள் கிடைப்பதே கஷ்டம். கிடைத்த பதினோரு பேரில் ஒருத்தன் இப்படி என்றால் வயிறு எரியாதா?

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் நின்றார்.

நிஜம்தான். பலராமன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி ஜோதியம்மாள், சுவரில் ஒரு கையும் காதில் ஒரு கையுமாக. அவள் பக்தி ஊரறிந்தது. அதைப் பற்றிக் கேள்வியில்லை.

“யோவ் பலராமா, இங்க வாய்யா! இன்னாய்யா இது?”

“பஸ்கிண்ணே. தொடைக்கு பலம்.”

“பஸ்கிக்குக் காதை எதுக்குய்யா பிடிக்கிறே?”

“கை சும்மா தொங்குதே.”

“ஊர்ல வேற இடமே இல்லையா? பிள்ளையார் மூஞ்சிக்கு எதுக்கதான் போடணுமா?”

“இங்கதாண்ணே தரை சமமா இருக்கு.”

“த்தூ! எமர்ஜென்சியிலகூட கலையாத மன்றம்யா இது. பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றவன்லாம் நம்மளைப் பார்த்து சிரிக்கப் போறான். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல உன்னை நீக்கறேன் பாரு!”

பலராமன் முகம் சுண்டிப் போயிற்று. அவரைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

“மெதுவா பேசுண்ணே. ஜுரத்துல நாலு மாசம் படுத்து அவளுக்கு ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. தினம் அம்பது தடவை முழுசா உட்கார்ந்து எழணும், இல்லேன்னா ஆயுசுக்கும் ஆள் பிடிச்சிதான் நடக்கணும்னு வேலூர் டாக்டர் சொல்லிட்டாரு. ‘பொம்பளை பஸ்கி போடுவாளா, கூட குடியிருக்கிறவங்க சிரிப்பாங்க’ன்னுட்டா இவ. காலைப் பிடிச்சிக் கெஞ்சினேன். ஊஹூம்.”

“அதுக்கு?”

“பிள்ளையார் கனவுல வந்தாரு, ஜோடியா நாப்பத்தெட்டு நாள் தோப்புக்கரணம் போடச் சொன்னாருன்னு ஒண்ணு அடிச்சி விட்டேன். மறுநாளே எழுந்து வந்துட்டா.”

தருமன் தலையில் அடித்துக்கொண்டார். கனவில் பிள்ளையார்! அதுவும் மன்றச் செயலாளர் கனவில்!

“நேத்து சுவத்தைப் பிடிக்காம ரெண்டு தடவை எழுந்தாண்ணே. ஆனா குதிகாலைத் தூக்கிடறா, முதுகை வளைக்கிறா. அப்படிப் போட்டா பிரயோஜனமில்லைனு டாக்டர் சொன்னாரு. நான் திருத்தினா, ‘பிள்ளையார் அதெல்லாம் சொல்லலையே’ன்னு கேக்குறா. நான் இன்னா பண்ண?”

அதற்குள் ஜோதியம்மாள் சுவரைப் பிடித்தபடி கிட்டே வந்துவிட்டாள். அவள் காதில் விழுந்தது தருமன் போட்ட கூச்சல் மட்டும்தான்.

“அண்ணா, என்னாலதானே இவருக்குக் கெட்ட பேரு? இவருக்கு அந்த மன்றம்தான் உசுரு. அதைப் பிடுங்கிட்டா மனுஷன் உடைஞ்சி போயிடுவாரு. ஏங்க, இன்னியோட நிறுத்திக்கலாம் வாங்க. என் காலு இப்படியே இருந்துட்டுப் போவுது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருப் பக்கம் நகர்ந்தாள். பலராமன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

தருமன் பிள்ளையாரை ஒரு முறை முறைத்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“நில்லும்மா. நிறுத்துற பேச்சே வேணாம். ராத்திரி என் கனவுலயும் வந்தாரு.”

“உங்க கனவுலயா?”

“ஆமா. குதிகால் தூக்கக் கூடாது, முதுகு வளையக் கூடாது, நிதானமா அடிவரைக்கும் உட்காரணும்னு கண்டிஷனா சொன்னாரும்மா. துணைக்கு என்னையும் வந்து போடச் சொன்னாரு” என்றார் தலைவர், இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு.